டேட்டாபேஸில் எழுதியாயிற்று, சர்வருக்கு யார் சொல்வது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் உள் அரட்டைக்கு ஓப்பன்ஃபயர் சர்வர், பின்னால் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். மாணவர் பிரிவு மாறினாலோ புதிதாகச் சேர்ந்தாலோ, அலுவலகத்திலிருந்து ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடி, யார் எந்தக் குழுவில் என்பதை நேராக டேபிளில் எழுதிவிடுகிறது. டேபிளைத் திறந்து பார்த்தால் புது வரி இருக்கிறது. மாணவர் அரட்டைக்குப் பயன்படுத்தும் ஸ்பார்க் மென்பொருளின் திரையில் குழு இல்லை. சிலருக்குச் சற்று நேரத்தில் தானாகவே வந்துவிடுகிறது, சிலருக்கு மாலை வரை வருவதே இல்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எல்லோருக்கும் வந்துவிடும், ஆனால் 600 பேரின் இணைப்பு அறுபடும். ஆகவே ரீஸ்டார்ட் இல்லாமல் கேஷை, அதாவது டேட்டாபேஸிலிருந்து எடுத்து சர்வர் தன் நினைவில் வைத்திருக்கும் நகலை, மட்டும் புதுப்பிக்க ஒரு கட்டளை உண்டா என்கிறீர்கள். எழுத்தில் இருப்பது இந்தக் கேள்விதான். உள்ளே இருப்பது வேறு: சர்வருக்குத் தெரியாமல் நான் செய்த மாற்றத்தை, சர்வருக்கும் அதில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களுக்கும் எப்படித் தெரிவிப்பது? முதல் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அப்படி முடியாது.

இரண்டு வரிப் பதில் இதோ. 9090 போர்ட்டில் இருக்கும் அட்மின் கன்சோலில், அதாவது சர்வரின் நிர்வாகப் பக்கத்தில், சர்வர் பகுதிக்குள் சர்வர் மேனேஜர், அதற்குள் கேஷ் சம்மரி என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கேஷுக்கும் எதிரே ஒரு கட்டம். தேவையானதைத் தேர்ந்து கீழே உள்ள பொத்தானை அழுத்தினால் அது காலியாகும். அடுத்த முறை யாராவது கேட்கும்போது சர்வர் டேட்டாபேஸிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளும். இதைப் படித்தவுடன் எழுந்து போய் எல்லாக் கட்டங்களையும் தேர்ந்து அழுத்திவிடாதீர்கள். நான் அப்படிச் செய்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

அரட்டை சர்வர் ஒரு பழைய மண்டிக் கடைக் கணக்கப்பிள்ளை போல. பேரேடு பீரோவில் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் வந்து பாக்கி எவ்வளவு என்று கேட்டால் பீரோவுக்குப் போகமாட்டார். சட்டைப் பையில் உள்ள சிறு நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அவரிடம் சொன்னால் நோட்டிலும் எழுதுவார், பேரேட்டிலும் எழுதுவார், சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுத் தகவலும் சொல்லிவிடுவார். நீங்கள் அவருக்குத் தெரியாமல் பீரோவைத் திறந்து பேரேட்டைத் திருத்திவிட்டீர்கள். கேஷை அழிப்பது என்றால் அவர் பையிலிருக்கும் நோட்டைப் பிடுங்கிக் கிழிப்பது. அடுத்த கேள்விக்கு அவர் பேரேட்டைப் பார்த்தே தீர வேண்டும், அதுவரை சரி. ஆனால் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுச் சொல்கிற வேலை ஒன்று இருந்ததே, அதை யாரும் செய்யவில்லை. நோட்டைக் கிழித்தாலும் அது நடக்காது.

சிலருக்குத் தானாக வருகிறது, சிலருக்கு வரவில்லை என்ற உங்கள் புதிர் இங்கேதான் அவிழ்கிறது. ஓப்பன்ஃபயரில் ஒவ்வொரு கேஷுக்கும் இரண்டு எல்லைகள் உண்டு: எவ்வளவு இடம், எவ்வளவு நேரம். நேரம் முடிந்த பதிவு கழிக்கப்பட்டு, அடுத்த தேவைக்கு டேட்டாபேஸிலிருந்து புதிதாக வரும். பயனர், குழு, தொடர்புப் பட்டியல் ஆகியவற்றுக்கு இந்த ஆயுள் நிமிடக் கணக்கில்தான். ஆகவே ஸ்கிரிப்ட் ஓடியபின் பதிவின் ஆயுள் முடிந்து, அதற்கும் பிறகு லாகின் செய்தவருக்குப் புதுக் குழு தெரியும். காலையிலேயே லாகின் செய்து, ஆய்வகக் கணினியை அப்படியே விட்டிருப்பவருக்குத் தெரியாது. சர்வரின் நினைவில் பதிவு புதுப்பிக்கப்பட்டிருந்தாலும், அவருடைய ஸ்பார்க் காலையில் வாங்கிய பட்டியலைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் எல்லோருக்கும் சரியாவது சர்வரின் கேஷ் காலியாவதால் மட்டும் அல்ல. எல்லோரும் தூக்கி எறியப்பட்டு மறுபடி லாகின் செய்கிறார்கள் என்பதாலும்தான். பாதி வைத்தியம் உங்கள் கண்ணில் படாமலே நடந்திருக்கிறது.

ஓப்பன்ஃபயர் பேசும் எக்ஸ்எம்பிபி என்ற அரட்டை நெறிமுறையே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3921 என்ற தர ஆவணத்திலும், அதன் இடத்தில் 2011-இல் வந்த 6121-இலும், கிளையன்ட் (ஸ்பார்க் போன்ற மென்பொருள்) லாகின் ஆனதும் தன் தொடர்புப் பட்டியலை ஒருமுறை கேட்டு வாங்கும்; அதன்பின் மாற்றம் இருந்தால் சர்வர்தான் தள்ளிவிட வேண்டும். தொடர்புப் பட்டியலுக்கு ரோஸ்டர் என்றும், இப்படித் தள்ளுவதற்கு ரோஸ்டர் புஷ் என்றும் பெயர். மாற்றம் சர்வரின் சொந்த நிரல் வழியாக நடந்தால், அந்த நிரல் உள்ளே ஓர் அறிவிப்பை எழுப்பும், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பகுதி ரோஸ்டர் புஷ் அனுப்பும். எஸ்கியூஎல் வழியாக, அதாவது நேராக டேபிளில், நடந்த மாற்றத்துக்கு அறிவிப்பும் இல்லை, புஷ்ஷும் இல்லை. கேஷ் சம்மரி பக்கத்தின் பொத்தான் இந்த அறிவிப்பை எழுப்பாது.

இப்போது உங்கள் குழு விஷயத்துக்கு வருகிறேன். இதில் ஒரு வரிசை இருக்கிறது, அதைத் தவறவிட்டால் அழித்தும் பயன் இல்லை. குழுக்கள் பகிர்ந்த ரோஸ்டராக அமைக்கப்பட்டிருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். ஸ்பார்க்கில் குழு தானாகத் தோன்றுகிறது என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு மாணவரின் தொடர்புப் பட்டியலை நினைவில் ஏற்றும்போது, சர்வர் அவருடைய சொந்தத் தொடர்புகளோடு அவர் சேர்ந்துள்ள குழுக்களின் உறுப்பினர்களையும் சேர்த்து ஒரே பட்டியலாகக் கட்டுகிறது. அவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்பதைக் குழுக் கேஷிலும், குரூப் மெட்டாடேட்டா என்ற கேஷிலும் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. நீங்கள் ரோஸ்டர் கேஷை முதலில் அழித்தீர்கள், குழுக் கேஷ்களை அதற்குப் பிறகு அழித்தீர்கள் என்று வையுங்கள். நடுவில் அரை நிமிடம்தான். ஆனால் அந்த அரை நிமிடத்தில் யார் ஒருவரின் பட்டியல் கேட்கப்பட்டாலும், பழைய குழுவை வைத்தே அது மறுபடி கட்டப்பட்டுக் கேஷில் உட்கார்ந்துவிடும். முழு ஆயுளோடு. ஆகவே முதலில் குரூப், குரூப் மெட்டாடேட்டா இரண்டும், கடைசியில் ரோஸ்டர். மூன்றையும் ஒரே சொடுக்கில் தேர்ந்து அழித்தாலும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் கூட்டம் உள்ள நேரத்தில் நான் இரண்டு சொடுக்காகவே செய்வேன்.

பிறகு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். இவர்களுக்கு மறு லாகின் ஒன்றே வழி, ஆனால் அதற்காக 600 பேரையும் வெளியேற்ற வேண்டியதில்லை. அட்மின் கன்சோலின் செஷன் பக்கத்தில் ஒருவரின் இணைப்பை மட்டும் மூடலாம். மூடினால் பெரும்பாலான கிளையன்ட்கள் தாமாகவே மறுபடி இணைந்துகொள்ளும். மாற்றம் இருந்த 5 பேரை மட்டும் வெளியேற்றினால் மீதி 595 பேருக்கு எதுவும் தெரியாது. ஒரு நுணுக்கம்: புது மாணவர் சேர்ந்தார் என்றால் அவர் திரையில் மற்றவர்கள் வர வேண்டும், மற்றவர்கள் திரையில் அவரும் வர வேண்டும். அவரை மட்டும் வெளியேற்றினால் முதல் பாதிதான் நடக்கும்.

இப்போது என் கதை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வேலை நாளில் காலை 11 மணி வாக்கில், யாரோ ஒருவரின் பெயர்த் திருத்தத்துக்காக அதே கேஷ் சம்மரி பக்கத்தைத் திறந்தேன். எது என்று தேடச் சோம்பலாக இருந்தது. எல்லாக் கட்டங்களையும் தேர்ந்து அழுத்தினேன். பக்கம் புதுப்பிக்கப்பட்டது, எல்லா எண்களும் பூஜ்யத்துக்கு அருகில், மனத்துக்கு நிறைவாக இருந்தது. பத்து நிமிடத்தில் முதல் அழைப்பு: "பச்சை விளக்கு எரிகிறது, அனுப்புகிறேன், பதிலே வரவில்லை." இரண்டாவது அழைப்பும் அதே. நான் அழித்தவற்றில் ரௌட்டிங் என்று தொடங்கும் கேஷ்களும் இருந்தன. பெயர்தான் கேஷ், டேட்டாபேஸில் அவற்றுக்கு மூலம் எதுவும் இல்லை. யார் இப்போது இணைந்திருக்கிறார், அவருக்கு எந்த வழியாகச் செய்தி போக வேண்டும் என்கிற, இந்த நொடியின் நிலவரம் அது. அதை அழித்துவிட்டால் சர்வரைப் பொறுத்தவரை யாருமே ஆன்லைனில் இல்லை. வந்த செய்திகளை எல்லாம் ஆஃப்லைன் செய்திகளாக ஒழுங்காகச் சேமித்துக்கொண்டிருந்தது, பாவம். கடைசியில் எதைத் தவிர்க்க நினைத்தேனோ அந்த ரீஸ்டார்ட்டைத்தான் செய்தேன். மறுபடி லாகின் செய்தவர்களுக்கு அந்த அரை மணி நேரச் செய்திகள் மொத்தமாகக் கொட்டின. அன்றிலிருந்து நான் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கேஷில் இருப்பதற்கு டேட்டாபேஸில் மூலம் இருக்கிறதா? இருந்தால் அழிக்கலாம். பயனர், குழு, ரோஸ்டர், விகார்டு (பயனரின் பெயர், படம் உள்ள விவர அட்டை) ஆகியவற்றுக்கு இருக்கிறது. ரௌட்டிங், செஷன் என்று பெயரில் உள்ள எதையும் தொடாதீர்கள். புதிய பதிப்புகளில் கேஷின் பெயரை அழுத்தினால் உள்ளே உள்ள பதிவுகளையே பார்த்து, ஒன்றை மட்டும் நீக்கவும் முடியும். உங்கள் பதிப்பில் அது இருந்தால் மொத்தமாக அழிக்கும் பொத்தான் பக்கமே போக வேண்டாம்.

கேஷே இல்லாத ஆனால் கேஷ் போலவே வேலை செய்கிற ஒன்றும் உண்டு: சிஸ்டம் பிராப்பர்ட்டிகள். ஆஃப்பிராப்பர்ட்டி டேபிளில் உள்ள அமைப்புகளை சர்வர் தொடங்கும்போது ஒரே மூச்சில் நினைவில் ஏற்றிக்கொள்ளும். அதற்கு ஆயுள் எல்லை கிடையாது, கேஷ் சம்மரி பக்கத்திலும் அது வராது. அந்த டேபிளை எஸ்கியூஎல்லில் மாற்றினால் அடுத்த ரீஸ்டார்ட் வரை ஒன்றும் நடக்காது. அட்மின் கன்சோலின் பிராப்பர்ட்டி பக்கத்தில் மாற்றினால் பெரும்பாலானவை அந்த நொடியே நடக்கும், சிலவற்றுக்கு மட்டும் ரீஸ்டார்ட் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னும் மோசமானது, சர்வர் தன் நினைவில் உள்ள பழையதை உங்கள் புதியதன்மேல் எழுதிவிடுவது. தொடர்புப் பட்டியல் டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சப் என்ற பத்தியில் 0 என்றால் உறவு இல்லை, 1 என்றால் நான் அவரைப் பார்க்கிறேன், 2 என்றால் அவர் என்னைப் பார்க்கிறார், 3 என்றால் இருவரும். நீங்கள் 1-ஐ 3 என்று எஸ்கியூஎல்லில் மாற்றுகிறீர்கள். சர்வரின் நினைவில் அது இன்னும் 1. அந்த நேரத்தில் மாணவர் தன் திரையில் அந்த நண்பருக்கு ஒரு செல்லப் பெயர் வைக்கிறார். சர்வர் அந்த வரியைச் சேமிக்கும்போது பெயரை மட்டும் எழுதாது. நினைவில் உள்ள உறவு நிலையையும் சேர்த்து எழுதும். உங்கள் 3 மறுபடி 1 ஆகிவிட்டது. சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டில் பிழை என்று எதுவும் இருக்காது. நீங்கள் ஸ்கிரிப்ட்டை வரி வரியாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அரட்டை அறைகளின் டேபிளும் இப்படித்தான்: அறையின் அமைப்பை யாராவது கன்சோலில் சேமித்தால் முழு வரியும் நினைவிலிருந்து எழுதப்படும். ஆகவே டேபிளில் எழுதி, பிறகு நிதானமாகக் கேஷை அழிக்கலாம் என்பதும் பாதுகாப்பல்ல. நடுவில் உள்ள இடைவெளியில் உங்கள் மாற்றம் காணாமல் போகலாம். ரோஸ்டரை எஸ்கியூஎல்லில் மாற்றியே ஆக வேண்டுமென்றால் சர்வரை நிறுத்தி, மாற்றி, தொடங்குவதுதான் ஒழுங்கு. மற்ற டேபிள்களுக்கு நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லமாட்டேன்.

அதே டேபிளில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் வேண்டும். பலர் இருப்பதில் பெரிய எண்ணோடு ஒன்று கூட்டிப் புது வரி சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் ஓப்பன்ஃபயர் அந்த எண்ணை மைஎஸ்கியூஎல்லின் தானியங்கி எண்ணிலிருந்து எடுப்பதில்லை. ஆஃப்ஐடி என்ற தனி டேபிளில் ஒவ்வொரு வகைக்கும் அடுத்த எண் எது என்று எழுதி வைத்திருக்கிறது. ரோஸ்டருக்கு வகை எண் 18, ஆஃப்லைன் செய்திகளுக்கு 19, அரட்டை அறைகளுக்கு 23. நீங்கள் அங்கே எண்ணை ஏற்றாமல் விட்டால், சில நாள் கழித்து யாரோ ஒரு மாணவர் நண்பரைச் சேர்க்கும்போது சர்வர் அதே எண்ணை எடுத்து, அது ஏற்கெனவே இருக்கிறது என்று டேட்டாபேஸ் மறுத்துவிடும். இது எத்தனை முறை கேஷை அழித்தாலும் தீராது. குழு உறுப்பினர் டேபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்கள் நல்ல காலம்.

கேஷ்மேல் பழி விழும் இன்னும் சில உண்டு, நிஜக் காரணம் வேறு. முதலாவது கடவுச்சொல். எஸ்கியூஎல்லில் கடவுச்சொல்லை மாற்றினேன், பழையதுதான் இன்னும் வேலை செய்கிறது, கேஷ் போலும் என்பார்கள். ஓப்பன்ஃபயரின் இயல்பான அமைப்பில் கடவுச்சொல் ஒவ்வொரு லாகினுக்கும் டேட்டாபேஸிலிருந்தே படிக்கப்படுகிறது. புதிய பதிப்புகளின் பயனர் டேபிளில் ஸ்க்ராம் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறைக்காக சால்ட், ஸ்டோர்டுகீ, சர்வர்கீ என்ற பத்திகள் இருக்கின்றன. அவை பழைய கடவுச்சொல்லிலிருந்து கணக்கிடப்பட்டவை. நீங்கள் வெறும் கடவுச்சொல் பத்தியை மட்டும் மாற்றினால் அவை அப்படியே நிற்கும், சர்வர் அவற்றைத்தான் நம்பும். இரண்டாவது பெயரில் பெரிய எழுத்து. எக்ஸ்எம்பிபி முகவரியின் பயனர் பகுதி சிறிய எழுத்தாக்கித்தான் தேடப்படும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பெரிய எழுத்தோடு ஒரு பெயரை நுழைத்தால் சர்வர் அவரை ஒருநாளும் கண்டுபிடிக்காது. மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான அமைப்பு எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாததால் அங்கே தப்பித்துவிடும். மூன்றாவது கமிட், அதாவது எழுதியதை டேட்டாபேஸில் உறுதிசெய்வது. பைத்தானின் மைஎஸ்கியூஎல் இணைப்பிகளில் தானியங்கி கமிட் இயல்பாக அணைந்திருக்கும். உங்கள் விஷயத்தில் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்பதால் இது காரணம் இல்லை. மற்றவர்கள் முதலில் வேறோர் இணைப்பிலிருந்து டேபிளைப் பார்த்துவிட்டுக் கேஷைத் திட்டலாம்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடையாள அட்டைப் படங்களை விகார்டு டேபிளில் மொத்தமாக ஏற்றுவது கல்லூரிகளில் வழக்கம். விகார்டு கேஷை அழித்தபின்னும் நண்பர்களின் திரையில் பழைய படமே நிற்கும். காரணம், கிளையன்ட்கள் படத்தைத் தம் கணினியில் வைத்துக்கொள்கின்றன. புதுப் படம் வந்திருக்கிறது என்பதை அந்த நபர் ஆன்லைனில் இருக்கிறேன் என்று அறிவிக்கும் செய்தியில் உள்ள ஒரு சுருக்கக் குறியை வைத்து அறிகின்றன. அந்த நபரின் கிளையன்ட் புதுக் குறியை அனுப்பும் வரை மற்றவர்கள் புதுப் படத்தைக் கேட்கவே மாட்டார்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்களை ஹேசல்காஸ்ட் என்ற பிளகின் (சர்வரோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) மூலம் கூட்டாக ஓட்டுபவர்களும் இதைப் படிக்கக்கூடும். அங்கே கேஷ் ஒரு கணினியின் சொத்து அல்ல, கூட்டுச் சொத்து. ஒரு கணினியில் அழித்தால் எல்லாவற்றுக்கும் அழியும் என்பது நல்ல செய்தி. ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்தால் கேஷ் அழியாது என்பது கெட்ட செய்தி. ஒன்று உறங்கும்போது மற்றது வைத்திருந்து, எழுந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். உங்களிடம் இருப்பது ஒரே சர்வர், இது உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்கிரிப்ட்டை மாற்றுங்கள். ஓப்பன்ஃபயருக்கு ரெஸ்ட் ஏபிஐ என்ற பிளகின் இருக்கிறது; வெளி நிரல் அதன் வழியாக சர்வரிடமே வேலையைச் சொல்லலாம். பயனரைச் சேர்ப்பது, கடவுச்சொல் மாற்றுவது, ஒருவரை ஒரு குழுவில் சேர்ப்பது, நீக்குவது, தொடர்புப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது, சிஸ்டம் பிராப்பர்ட்டி மாற்றுவது, ஒருவரின் செஷன்களை மூடுவது, இத்தனையும் அதில் ஒவ்வோர் அழைப்பு. பைத்தானில் எஸ்கியூஎல் வரி இருக்கும் இடத்தில் ஒரு எச்டிடிபி வரி வரும், அவ்வளவுதான். அப்படிச் செய்தால் டேபிள், கேஷ், ரோஸ்டர் புஷ் மூன்றையும் சர்வரே பார்த்துக்கொள்ளும். லாகின் செய்து உட்கார்ந்திருக்கும் மாணவரின் திரையில் குழு கண்ணெதிரே தோன்றும். எஸ்கியூஎல்லைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் விலை உண்டு. 600 பேர் உள்ள பகிர்ந்த குழுவில் 50 பேரைப் பகலில் சேர்த்தால், ஒவ்வொருவருக்காகவும் 600 பேருக்குத் தகவல் போக வேண்டும்; எல்லோரும் ஆன்லைனில் இருந்தால் 30,000-க்கு மேல் புஷ்கள். ஓரிருவர் என்றால் பகலில், புதுச் சேர்க்கை மொத்தமாக வந்தால் இரவில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மாணவர் பதிவேடே ஒரு டேட்டாபேஸ்தான், அதையே ஓப்பன்ஃபயர் நேராகப் படிக்கட்டுமே என்றால் அதற்கும் வழி உண்டு. குழுக்களுக்கு ஜேடிபிசி குரூப் புரொவைடர் என்று ஒன்று இருக்கிறது. ஸ்கிரிப்ட்டே தேவைப்படாது. ஆனால் அங்கேயும் படித்தது கேஷில் உட்காரும், மாற்றம் தெரியத் தாமதமாகும், புஷ் இருக்காது. அதோடு குழுக்களைக் கன்சோலில் திருத்தவும் முடியாமல் போகும். உங்கள் தேவைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். கேஷின் ஆயுளைப் பிராப்பர்ட்டி வழியாகச் சில நொடிகளாகக் குறைத்துவிடலாம் என்று ஒரு யோசனையையும் அடிக்கடி கேட்கிறேன். குறைக்கலாம், ஒவ்வொரு நிலை மாற்றத்துக்கும் சர்வர் பட்டியலைத் தேடி டேட்டாபேஸைத் தட்டும். உள்ளே இருப்பவருக்கு அப்போதும் தெரியாது. நோய்க்குச் சம்பந்தமில்லாத மருந்து.

இன்னொரு குறுக்கு வழி, கன்சோலின் பொத்தானையே ஸ்கிரிப்ட்டிலிருந்து அழுத்துவது, அதாவது அட்மின் பெயரில் லாகின் செய்து படிவத்தை அனுப்புவது. வேலை செய்யும். ஆனால் அதற்காக 9090 போர்ட்டை அலுவலகக் கணினிக்கும், பிறகு வசதிக்காக வெளியுலகுக்கும் திறந்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 2023 மே மாதம் வெளியான சிவிஇ-2023-32315 என்ற பாதுகாப்பு ஓட்டை, லாகின் செய்யாமலே அட்மின் கன்சோலுக்குள் நுழைய வழி கொடுத்தது. 2015-இல் வந்த 3.10.0 முதல் இருந்த ஓட்டை அது, 4.6.8, 4.7.5 பதிப்புகளில் அடைக்கப்பட்டது. உங்கள் பதிப்பை நீங்கள் எழுதவில்லை. அது இவற்றுக்கு முந்தையதாக இருந்தால் குழு தெரியவில்லை என்பது உங்கள் முதல் கவலையாக இருக்கக் கூடாது. ரெஸ்ட் ஏபிஐ பயன்படுத்தும்போதும் அதன் ரகசியச் சாவியை அட்மின் கடவுச்சொல்லுக்குச் சமமாக மதித்து, எந்த ஐபி முகவரிகள் அழைக்கலாம் என்பதையும் கட்டுப்படுத்துங்கள்.

ஓப்பன்ஃபயர் அல்லாத வேறு அரட்டை சர்வர்காரர்களுக்குச் சுருக்கமாக. ஈஜாபர்ட்டில் நீங்கள் கேட்ட அந்த ஒற்றைக் கட்டளை உண்மையாகவே இருக்கிறது: ஈஜாபர்ட்சிடிஎல் என்ற கட்டளைக் கருவிக்கு clear_cache என்று கொடுத்தால் எல்லாக் கணுக்களிலும் டேட்டாபேஸ் கேஷ் காலியாகும், இல்லாவிட்டால் இயல்பான ஆயுள் 1 மணி நேரம். உள்ளே இருப்பவருக்குப் புஷ் போகாது என்பது அங்கேயும் அதேதான். மேட்டர்மோஸ்ட்டில் சிஸ்டம் கன்சோலின் வெப் சர்வர் பகுதியில் எல்லாக் கேஷையும் நீக்கும் பொத்தான் இருக்கிறது. ராக்கெட்.சாட்டின் பழைய பதிப்புகள் தம் மோங்கோ டேட்டாபேஸின் மாற்ற ஓடையை (மாற்ற அறிவிப்புகளை) கேட்டுக்கொண்டே இருந்ததால் டேட்டாபேஸில் நேராக எழுதினாலும் பல மாற்றங்களை உணர்ந்துகொண்டன. அதைப் பார்த்துப் பழகியவர்கள் ஓப்பன்ஃபயரிடமும் அதையே எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். ஓப்பன்ஃபயர் பற்றிப் பழைய விடைகளைத் தேடும்போது டேபிள் பெயர்கள் ஜைவ் என்று தொடங்கினால் அது மிகப் பழைய பதிப்புக்கு எழுதியது. பெயரை மட்டும் ஆஃப் என்று மாற்றி அப்படியே ஓட்டிவிடாதீர்கள்.

இன்று செய்யக்கூடியது: ஒரு சோதனைக் கணக்கைத் திறந்து ஸ்பார்க்கில் லாகின் செய்து வையுங்கள். ஸ்கிரிப்ட் மூலம் அதை ஒரு சிறு குழுவில் சேருங்கள். குரூப், குரூப் மெட்டாடேட்டா அழியுங்கள், பிறகு ரோஸ்டர். திரையைப் பாருங்கள், குழு வந்திருக்காது. கன்சோலில் அந்தக் குழுவைத் திறங்கள். அங்கே உறுப்பினராக இருக்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் நான் மேலே சொன்னது உங்கள் அமைப்புக்குப் பொருந்தவில்லை, பதிப்பு எண்ணையும் குழுவின் பகிர்வு அமைப்பையும் எழுதுங்கள், மறுபடி பார்க்கலாம். இருந்தால், அந்த ஒரு செஷனை மட்டும் மூடுங்கள். ஸ்பார்க் மறுபடி இணைந்ததும் குழு வரும். அடுத்து அதே கணக்கை ரெஸ்ட் ஏபிஐ வழியாக வேறொரு குழுவில் சேர்த்துவிட்டு, எதையும் அழுத்தாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.